மாமியார் வைத்த மரமும் மருமகள் கட்டிய மேடையும்

('நகரத்து மரங்கள் தழைக்கப் பெரிதும் தேவை ஆர்வமே! அறிவே!' என்ற பட்டிமன்றத்தில், 'அறிவே' என்னும் அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, எனக்குப் பேச ஒன்றும் மிச்சம் வைக்காமல் போன என் அணித் தலைவர் அவர்களே! நான் எங்கே தடுக்கி விழுவேன் என்று பேனாவும் தாளுமாகக் காத்திருக்கும் எதிரணி நண்பர்களே! அரங்கம் நிறைந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! பண்டிகை நாளில் பலகாரத் தட்டை மடியில் வைத்துக் கொண்டு வீட்டிலிருந்து பார்க்கும் அன்பு உள்ளங்களே!

எதிரணித் தம்பி பிரமாதமாகப் பேசினார். "மரம் வளர்க்க என்னய்யா அறிவு வேணும்? ஒரு குழி, ஒரு கன்னு, ஒரு குடம் தண்ணி. மிச்சத்தை மழை பாத்துக்கும். வேணுங்கிறது மனசுதான்" என்றார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏன் தெரியுமா? ஒரு காலத்தில் நானும் அந்தக் கட்சிதான்! (சிரிப்பு)

அந்தக் கட்சியை விட்டு இந்தக் கட்சிக்கு நான் ஏன் வந்தேன்? அதற்கு என் வீட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. சொன்னால் என் மாமியாருக்குச் சந்தோஷம், எனக்கு வெட்கம். பரவாயில்லை. மாமியாரைச் சந்தோஷப்படுத்த மருமகளுக்கு எத்தனை சந்தர்ப்பம் கிடைக்கும்? சொல்லி விடுகிறேன். (கைதட்டல்)

1996ஆம் வருஷம் எனக்கு மகள் பிறந்தாள். திருவாரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் மாமியார் பேத்தியைப் பார்க்க வந்தார்கள். மற்ற மாமியார்கள் காப்பு கொண்டு வருவார்கள், கொலுசு கொண்டு வருவார்கள். எங்கள் அத்தை ஒரு ஈரத் துணியில் சுற்றி ஒரு புங்கங்கன்று கொண்டு வந்தார்கள். சென்னைப் புறநகரில் எங்கள் வீட்டு வாசலில், காம்பவுண்டுக்கு வெளியே, தங்கள் கையாலேயே குழி வெட்டி வைத்தார்கள். "பொண்ணும் மரமும் ஒண்ணா வளரட்டும்" என்றார்கள்.

வளர்ந்தது ஐயா! பெண் பள்ளிக்கூடம் போகும் வயதில் மரம் முதல் மாடிக்கு எட்டிப் பார்த்தது. அதன் நிழலுக்கு ஒரு குடித்தனக்காரரும் வந்து சேர்ந்தார். தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிற ஒரு பெரியவர். காலை எட்டு மணிக்கு வண்டியை மரத்தடியில் நிறுத்தினால் இருட்டும் வரை அங்கேதான். எங்கள் தெருவுக்கு மடிப்புக் கலையாத சட்டை கொடுத்தது அந்தப் புங்கை மரம்தான் என்று நான் சொல்வதுண்டு. கரிப்பெட்டிச் சூட்டோடு வெயிலில் நின்று பாருங்கள், நிழல் என்றால் என்ன என்று தெரியும்.

2010ஆம் வருஷம். எனக்கு ஆர்வம் பிறந்தது. (சிரிப்பு) மரத்துக்கு ஏதாவது செய்ய வேண்டுமே! பிள்ளைக்கு நகை போடுகிற மாதிரி மரத்துக்கு ஒரு மேடை கட்டலாம் என்று தோன்றியது. கொத்தனாரைக் கூப்பிட்டு, தண்டைச் சுற்றி வட்டமாகச் செங்கல் சுவர் எழுப்பி, உள்ளே ஒன்றரை அடி உயரத்துக்குச் செம்மண் கொட்டி, மேலே சிமெண்ட் பூசி, ஓரத்தில் வழவழவென்று டைல்ஸ் பதித்து... அடடா! தெருவே வந்து பார்த்தது. "டீச்சரம்மா மரத்து மேல எவ்வளவு பாசம் வச்சிருக்காங்க" என்றார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அத்தை மட்டும் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டே இருந்தார்கள். பிறகு சொன்னார்கள்: "ஏம்மா, கழுத்து வரைக்கும் மண்ணைக் கொட்டி மூடுறியே. அது மூச்சு விட வேணாமா?"

மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். நான் முனைவர் பட்டம் வாங்கியவள். என்ன சொன்னேன் தெரியுமா? "அத்தை, மரம் இலையாலதான் மூச்சு விடும். அறிவியல் புத்தகத்தில போட்டிருக்கு." (சிரிப்பு, கைதட்டல்)

2013ஆம் வருஷம் பேப்பரில் ஒரு செய்தி. தில்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் சிமெண்டையெல்லாம் உடைத்து எடுங்கள் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. நான் படித்தேன். "தில்லிக்குத்தானே" என்று பக்கத்தைத் திருப்பி விட்டேன்.

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயல். சென்னைக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காலையிலிருந்து காற்று ஊளையிடுகிறது. மத்தியானம் வாசலில் 'மடார்' என்று ஒரு சத்தம். கதவைத் திறந்தால் வெளிச்சம். அதுவரை எங்கள் வாசலில் நான் பார்க்காத வெளிச்சம். மரம் தெருவுக்குக் குறுக்கே கிடக்கிறது. அடியில் இஸ்திரி வண்டி அப்பளமாக நொறுங்கிக் கிடக்கிறது. புயலுக்குப் பயந்து அன்றைக்கு அந்தப் பெரியவர் மட்டும் வரவில்லை. வந்திருந்தால்? நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது நடுவர் அவர்களே.

இரண்டு நாள் கழித்து, என் பழைய மாணவியின் தம்பி உதவிக்கு வந்தான். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் வனவியல் படித்தவன். விழுந்த மரத்தின் அடியில் குந்தி உட்கார்ந்து, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி வேரைத் திருத்திக் கொண்டிருந்தான். "டீச்சர், இங்க பாருங்க" என்றான். பார்த்தேன். வேர் வெளியே பரவவே இல்லை. நான் கட்டின சுவரில் முட்டி, திரும்பி, மறுபடி முட்டி, வளையல் மாதிரி வட்டமாகச் சுற்றியிருக்கிறது. நான் கொட்டின மண்ணுக்குள் புதைந்திருந்த தண்டுப் பகுதியில் பட்டை அழுகி, விரலால் தொட்டாலே உதிர்கிறது. ஒரு பக்கம் வடிகால் தோண்டிய ஒப்பந்தக்காரர் பெரிய வேர் இரண்டை வெட்டியிருந்தார், உண்மைதான். ஆனால் மிச்சப் பக்கத்தை வெட்டியது யார்? நான்தான்!

அந்தப் பையன் சொன்னான்: "வேருக்கும் காத்து வேணும் டீச்சர். மண்ணுல இருக்கிற இண்டு இடுக்கு வழியா அது ஆக்சிஜன் எடுத்துக்குது. அதுக்காகத்தான் பெரும்பாலான வேர் மேலாக, ரெண்டு மூணு அடி ஆழத்துக்குள்ளேயே ஓடும். அதை மூடிட்டா எப்படி?"

உள்ளே அத்தை உட்கார்ந்திருந்தார்கள். 'நான் அன்னிக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை! (நீண்ட கைதட்டல்)

எதிரணிக்காரர்கள் இப்போது சந்தோஷமாக எழுதிக் கொள்கிறீர்கள், பார்க்கிறேன். "படிச்ச அம்மா மரத்தைக் கொன்னாங்க, படிக்காத மாமியார் சரியாச் சொன்னாங்க. அப்போ அறிவு தோத்துப் போச்சு!" என்று அடுத்தவர் வந்து சொல்லப் போகிறார். கொஞ்சம் பொறுங்கள் ஐயா! தமிழ் இலக்கியத்தில் நான் வாங்கின பட்டம் மரத்தைப் பற்றிய அறிவா? அல்லவே அல்ல. எனக்கு அன்றைக்கு இருந்தது சுத்தமான, கலப்படமில்லாத, முதல் தரமான ஆர்வம்! அறுபது வருஷம் தோப்பிலும் வயலிலும் நின்று, எந்த மரம் எப்போது வாடும், எங்கே மண் அணைத்தால் பட்டை அழுகும் என்று கண்ணால் பார்த்து வைத்திருந்தாரே என் மாமியார், அதுதான் அறிவு! கல்லூரிப் பையன் புத்தகத்தில் படித்ததும் கிராமத்துப் பாட்டி தோப்பில் கண்டதும் அன்றைக்கு என் வாசலில் ஒன்றாக வந்து நின்றன. நடுவில் அசடு வழிய நின்றது ஆர்வம். (கைதட்டல்)

எதிரணியில் பேசிய அம்மா சங்க இலக்கியத்துக்குப் போனார். நற்றிணையில் ஒரு புன்னை மரம். சின்ன வயதில் பெண்கள் விளையாட்டாக மணலில் அழுத்திய விதை, அவர்கள் மறந்த பிறகு முளைத்து வருகிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். இது உங்கள் உடன்பிறந்தவள் என்று தாய் சொல்கிறாள். அதனால் அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேசவே அவளுக்கு நாணம். இதைச் சொல்லி, "மரத்தை உறவாக நினைத்த இனம்யா நாம்! ஆராய்ச்சியா பண்ணினோம்?" என்று கேட்டார்.

அம்மா, நான் உங்களை ஒன்று கேட்கிறேன். நெய்யும் பாலும் ஊற்றியும் அந்தக் கன்று எப்படி அம்மா பிழைத்தது? (சிரிப்பு) உங்கள் வீட்டு ரோஜாத் தொட்டியில் ஒரு வாரம் நெய் ஊற்றிப் பாருங்கள், தெரியும்! அது பிழைத்ததற்குக் காரணம், அது புன்னை. முளைத்த இடம் கடற்கரை மணல். புன்னைக்கு உப்புக் காற்று தாங்கும், மணலில் வேர் பிடிக்கும். அது அதன் சொந்த வீடு. நெய்தல் நிலத்தில் புன்னை வளர்ந்தது, ஐயா!

நம் முன்னோர் நிலத்தை எப்படிப் பிரித்தார்கள்? மாவட்டமாகவா, தாலுக்காவாகவா? குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை! செடி கொடி மரத்தின் பெயரை நிலத்துக்கே வைத்தார்கள். மண்ணைச் சொன்னால் மரம் தெரியும், மரத்தைச் சொன்னால் மண் தெரியும். திணை என்பதைக் காதலுக்கும் போருக்கும் என்று வகுப்பில் நடத்தி நடத்தி, அதில் மர நடவு வழிகாட்டியும் அடங்கியிருக்கிறது என்பதை மறந்து விட்டோம். நானும் முப்பது வருஷம் அப்படித்தான் நடத்தினேன், சேர்த்தே சொல்லிக் கொள்கிறேன். இன்றைக்கு உலகத்தில் எந்த மர வல்லுநரிடம் போனாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மரம்?" என்பது கிடையாது. "எந்த இடம்?" என்பதுதான்.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் நாம் என்ன செய்தோம்? சிவப்பாகப் பூக்கிறது என்று குல்மொஹர் வைத்தோம். அது மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. சீக்கிரம் வளர்கிறது, குடை மாதிரி விரிகிறது என்று தூங்குமூஞ்சி வைத்தோம். அது தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. மஞ்சள் மஞ்சளாகக் கொட்டுகிறது என்று இயல்வாகை வைத்தோம். தப்பில்லை, வந்தாரை வாழ வைக்கும் ஊர்தான் நம்முடையது. ஆனால் இரண்டடி நடைபாதையில், ஒரு பக்கம் தார், ஒரு பக்கம் சுவர், அடியில் குழாய், தலைக்கு மேல் மின்கம்பி, நடுவில் அவ்வளவு பெரிய மரம்! வர்தாவில் சென்னை இழந்த மரங்களில் இந்த மூன்று சாதிக்கும் பெரிய பங்கு உண்டு.

இங்கே ஒரு நியாயம் பேச வேண்டும். நம் அணியில் முன்னால் பேசிய தம்பி, "வெளிநாட்டு மரம்தான் விழுந்தது, நாட்டு மரம் நின்றது" என்று ஒரேயடியாகச் சொல்லி விட்டார். அப்படிச் சொல்ல எனக்கு மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. என் வீட்டில் விழுந்தது நாட்டுப் புங்கைதானே! வேம்பும் விழுந்தது. வேரை நெரித்தால் எந்த ஊர் மரமும் விழும். அதே தூங்குமூஞ்சி மரம் சிங்கப்பூரில் விமான நிலையச் சாலை நெடுகப் பந்தல் போட்டு நிற்கிறது. போய் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே நம்மைப் போலப் புயல் அடிப்பது மிக அபூர்வம், அது ஒரு காரணம். இன்னொரு காரணம், 1975லேயே பூங்காவுக்கும் மரத்துக்கும் என்று தனிச் சட்டம் போட்டார்கள். மரத்துக்கு வேர் விடத் தரை விட்டார்கள். பயிற்சி பெற்ற ஆட்கள் சாலையோர மரங்களை முறை வைத்துப் பரிசோதிக்கிறார்கள். மனிதனுக்கு மாஸ்டர் செக்கப் மாதிரி, மரத்துக்கு!

நம் ஊரில் மரத்துக்கு வைத்தியம் பார்ப்பது யார்? மின்கம்பியில் கிளை உரசினால் அரிவாளோடு ஒருவர் வருவார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் வேலை கம்பியைக் காப்பது. கைக்கு எட்டின இடத்தில் ஒரு போடு. கிளை பாதியில் முறிந்து, பட்டையை முழங்கை நீளத்துக்கு உரித்துக் கொண்டு தொங்கும். மொட்டையாக நிற்கும் மரத்தைப் பார்த்து நாமும், "பரவால்ல, மறுபடி துளுக்கும்" என்று சொல்லிக் கொள்வோம்.

துளுக்கும். ஆனால் என்ன நடக்கிறது என்று அமெரிக்காவில் ஒருவர் பார்த்தார். அலெக்ஸ் ஷைகோ என்று பெயர். அந்த நாட்டு வனத்துறையில் ஆராய்ச்சியாளர். அவருக்கு முன்னால் மரத்தைக் குறுக்கே வெட்டித்தான் பார்ப்பார்கள். இவர் ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்து பார்த்தார். ஒன்று இரண்டு அல்ல, ஆயிரக்கணக்கான மரங்கள். அவர் கண்டது என்ன? நமக்குக் கையில் காயம் பட்டால் பழைய தோல் போய்ப் புதுத் தோல் வரும், ஆறி விடும். மரத்துக்குக் காயம் ஆறாது! கெட்டுப் போன பகுதியைச் சுற்றி உள்ளுக்குள்ளேயே சுவர் எழுப்பி அடைத்து விட்டு, அதன் மேல் புதிதாக வளர்கிறது. காயம் உள்ளேயே இருக்கும், கடைசி வரைக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. நம் வீட்டுப் பெண்கள் மாதிரி. (பலத்த கைதட்டல்)

அதனால் கவாத்து என்பது ஒரு வைத்தியம். வீட்டில் மரம் வைத்திருப்பவர்கள் ஒரு நிமிஷம் கவனமாகக் கேளுங்கள், பலகாரம் எங்கும் போய் விடாது. கிளை தண்டில் புறப்படும் இடத்தில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு தடிப்பு இருக்கும். காயத்தை மூடும் சக்தி அந்த மோதிரத்தில்தான் இருக்கிறது. தண்டோடு ஒட்ட வெட்டினால் மோதிரம் போய் விடும். ஒரு முழம் விட்டு வெட்டினால் அந்த முளை காய்ந்து அழுகி, அழுகல் உள்ளே இறங்கும். மோதிரத்துக்கு வெளியே, அதை ஒட்டி வெட்ட வேண்டும். கனமான கிளையாக இருந்தால் ஒரே வெட்டு கூடாது. முதலில் சற்றுத் தள்ளி அடிப்பக்கத்தில் பாதி அறுக்க வேண்டும். பிறகு அதற்கும் வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்க வேண்டும். கடைசியில்தான் மோதிரத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது வெட்டு. பட்டை உரியாது. வெட்டின இடத்தில் தாரோ பெயிண்டோ பூசுகிறீர்களே, அதுவும் வேண்டாம். ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிற வேலைதான் அது. இதை ஆர்வம் சொல்லிக் கொடுக்குமா? ஆர்வம் பெயிண்ட் டப்பாவோடு ஓடி வரும்! (சிரிப்பு)

நடுவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார்கள். ஐயா, இன்னும் இரண்டு விஷயம். நேரத்தை எதிரணிக் கணக்கில் எழுதிக் கொள்ளுங்கள்.

எதிரணித் தலைவர் முழங்கினார்: "காலி இடம் கண்ட இடமெல்லாம் மரம் நடுவோம்! கோடி மரம் நடுவோம்!" கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காலி இடம் என்று நாம் நினைப்பதெல்லாம் காலி இடமா? கிண்டிக்குப் போங்கள். மாநகரத்துக்கு நடுவில் ஒரு தேசியப் பூங்கா, ஏறக்குறைய 270 ஹெக்டேர். உலகத்தில் எத்தனை நகரத்துக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்! அங்கே புள்ளிமானும் இருக்கிறது, வெளிமானும் இருக்கிறது. புள்ளிமானுக்கு மரநிழல் வேண்டும். வெளிமான் அப்படியல்ல, பெயரிலேயே இருக்கிறதே, வெளி! மறைவில்லாத புல்வெளியில் நின்று, எதிரியைத் தூரத்திலேயே பார்த்து ஓடிப் பிழைக்கும் சாதி அது. அந்தப் புல்வெளியில் நீங்கள் ஆசை ஆசையாக ஆயிரம் கன்று நட்டால் மரம் வளரும், வெளிமான் வாழ இடமிருக்காது. அங்கே செய்ய வேண்டிய பெரிய தொண்டு, மரம் நடாமல் இருப்பது!

நீலகிரியில் இந்தத் தப்பைப் பெரிய அளவில் செய்து பார்த்தாகி விட்டது. மேட்டில் புல்வெளி, பள்ளத்தில் சோலைக்காடு, இது இயற்கை போட்ட கோலம். புல்லைப் பார்த்து 'சும்மா கிடக்கிற நிலம்' என்று 1840களிலிருந்து வெள்ளைக்காரர்கள் தைல மரமும் சீகை மரமும் கொண்டு வந்து வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் தொடர்ந்தோம். மழையை உறிஞ்சி வைத்து மெல்ல மெல்ல ஓடையில் விட்டுக் கொண்டிருந்த புல்வெளி, பரப்புப் பரப்பாக மறைந்தது. இப்போது அந்தச் சீகையை வெட்டி எடுக்க அரசாங்கமே செலவழிக்கிறது. விறகுக்கு ஆகும் என்று 1870களில் கொண்டு வந்த சீமைக் கருவேலத்தின் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. ராமநாதபுரத்துக்காரர்கள் இங்கே இருந்தால் அவர்களே எழுந்து பேசி விடுவார்கள். 2022ல் அயல் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கையே தமிழக அரசு வெளியிட்டது. ஒரு தலைமுறை ஆர்வத்தோடு நட்டதை அடுத்த தலைமுறை கஷ்டப்பட்டுப் பிடுங்குகிறது, ஐயா!

ஜப்பானிய முறையில் குறுங்காடு வளர்க்கிறோம் என்று தம்பி பெருமையாகச் சொன்னார். மியாவாகி என்பவர் கொடுத்த முறை. சென்னையிலும் பல இடங்களில் வளர்த்திருக்கிறார்கள். மூன்று நான்கு கன்றை ஒரு சதுர மீட்டரில் நெருக்கி நடுவது மட்டும் அவர் முறை என்று நம் ஆட்கள் நினைத்துக் கொள்கிறார்கள். அவர் சொன்ன முதல் படி வேறு. மனிதன் கை வைப்பதற்கு முன்னால் அந்த மண்ணில் என்னென்ன மரம் இயற்கையாக இருந்தது என்று ஊர் ஊராகப் போய், கோயில் காடு குளத்தங்கரை எல்லாம் பார்த்துப் பட்டியல் எடு! அவர் வாழ்நாளில் பெரும் பகுதி அதற்குத்தான் போனது. நாம் அந்தப் படியைத் தாண்டி விட்டு இரண்டாம் படியில் ஏறிக் கொண்டோம். கீழ்ப்படி இல்லாத மாடிப்படி!

கடைசியாக ஒன்று. எதிரணி அம்மா, "மரத்தைப் பார்த்தாலே பாதி நோய் போகும்" என்றார். உண்மை! ஆனால் அதைச் சும்மா சொன்னால் ஆஸ்பத்திரி கட்டுகிறவர் கேட்பாரா? ரோஜர் உல்ரிச் என்பவர் 1984ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஓர் ஆஸ்பத்திரி. பித்தப்பை அறுவை சிகிச்சை செய்து கொண்ட 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னலுக்கு வெளியே மரம், பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மற்றபடி எல்லாம் ஒத்துப் போகிற மாதிரி ஜோடி ஜோடியாக எடுத்துக் கொண்டார். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னாலேயே வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மாத்திரையும் குறைவாகவே கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் கட்டடம் கட்டுகிறவர்கள் மரத்தை அலங்காரம் என்று ஒதுக்க முடியாமல் போனது. உங்கள் வாயிலிருந்து வந்த வாதத்துக்கே நாங்கள்தான் சாட்சி கொண்டு வர வேண்டியிருக்கிறது! (கைதட்டல்)

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். நெதர்லாந்துக்காரர் ஒருவர், செசில் கொனைனென்டைக், பெயர் வாயில் நுழையாவிட்டாலும் கணக்கு மனதில் நிற்கும். 2021ல் சொன்னார்: 3, 30, 300. உங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் மூன்று மரமாவது கண்ணில் பட வேண்டும். உங்கள் பேட்டையை வானத்திலிருந்து பார்த்தால் நூற்றுக்கு முப்பது பங்கு இலைப் பந்தல் மூடியிருக்க வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் ஒரு பூங்காவோ தோப்போ இருக்க வேண்டும். இந்த நிகழ்ச்சி முடிந்ததும் ஜன்னலைத் திறந்து எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் எண்ணினேன். ஒன்றுதான் வந்தது. அதுவும் எதிர் வீட்டு முருங்கை! (சிரிப்பு) வார்டு கவுன்சிலரிடம் போய் "எங்க தெருவுல மரம் கம்மியா இருக்கு" என்று சொன்னால் சிரிப்பார். "மூணு இருக்கணும், ஒண்ணுதான் இருக்கு. பார்க் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கு" என்று கணக்கோடு போய் நின்றால் காகிதத்தை எடுப்பார். நான் போய் நின்றேன், எடுத்தார்.

இப்போது எங்கள் வாசலில் ஒரு கன்று நிற்கிறது. மறுபடியும் புங்கைதான், அத்தை பிடிவாதம். இந்த முறை மின்கம்பிக்கு நேர் கீழே வைக்காமல் பக்கவாட்டில் தள்ளி வைத்தோம். சுற்றி நாலடிக்கு மண்ணை அப்படியே விட்டிருக்கிறோம், மேலே சருகு மட்டும் போட்டிருக்கிறோம். அது காற்றில் ஆடி ஆடித் தண்டு பருக்க வேண்டும் என்று கம்போடு இறுக்கிக் கட்டாமல் தளர்வாகக் கட்டச் சொன்னான் அந்த வனக் கல்லூரிப் பையன். ஒரு வருஷத்தில் கம்பையும் எடுத்து விட்டோம். இஸ்திரிப் பெரியவர் வேறு தெருவில் நிழல் தேடிப் போய் விட்டார். ஆனாலும் எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் கன்றுக்குப் பக்கத்தில் நின்று, தலைக்கு மேல் கையை வைத்து உயரம் அளந்து பார்த்து விட்டுப் போகிறார்.

இன்று காலையில் நான் பட்டிமன்றத்துக்குப் புறப்படும்போது அத்தை கேட்டார்கள், "எந்தக் கட்சி பேசப் போறே?" என்று. "அறிவுக் கட்சி அத்தை" என்றேன். என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார்கள். (சிரிப்பு) "போயிட்டு வா. வரும்போது சிமெண்ட் மூட்டை எதுவும் வாங்கிட்டு வராதே" என்றார்கள்.

தீர்ப்பை வீட்டில் போய் அவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது, நடுவர் அவர்களே. பார்த்துச் செய்யுங்கள். (பலத்த கைதட்டல்)